முழக்கணக்கில் ஒரு முடக்குவாத சிகிச்சை: சர்வதேச வழிகாட்டி எங்கள் ஓ.பி.க்கு வந்தபோது

மல்லிகைப்பூ கட்டுகிறவர். வயது 43, எடை 46 கிலோ, மதுரைப் பக்கத்துக் கிராமம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், குடும்ப விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நான் ஒரு அரசு மருத்துவமனையின் மூட்டுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன்.

பூ கட்டுவதை உற்றுப் பார்த்திருந்தால் தெரியும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மொட்டுகளை இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துப் பிடித்துக்கொள்ள, வலது கை நூலைச் சுற்றிச் சுருக்குப் போட்டு இழுக்கும், ஒரு முழத்துக்கு இதே அசைவு எத்தனையோ தடவை. முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) முதலில் பிடிக்கும் மூட்டுகள் பார்த்தால் அதே விரல்மூட்டுகளும் மணிக்கட்டும்தான். முதல் நாள் அவர் கையை மேசையில் வைத்தபோது இரண்டு கையிலும் ஆள்காட்டி, நடுவிரல் அடிமூட்டுகள் பொம்மென்று வீங்கியிருந்தன, இரண்டு மணிக்கட்டும் அப்படியே. "முன்னாடி ஒரு நாளைக்கு எண்பது முழம் கட்டுவேன் டாக்டரம்மா, இப்ப இருபது கட்டறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுது" என்றார். அந்த இருபதை ஓ.பி. சீட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன், பின்னால் அது ரொம்ப உதவியது.

வலி தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலி ஆரம்பித்ததால் ஊரில் எல்லாரும் சிக்குன்குனியா என்று முடிவு கட்டிவிட்டார்கள். 2006ல் அந்தக் காய்ச்சல் தமிழ்நாட்டில் அடித்த அடி யாருக்கும் மறக்கவில்லை, குனிந்தபடி நடந்த தெருக்களை நானே பார்த்திருக்கிறேன், அதனால் மூட்டு வலித்தால் முதலில் வருகிற பெயர் அதுதான். தவறான சந்தேகம் என்றும் சொல்ல முடியாது, சிக்குன்குனியாவுக்குப் பிறகு சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வீங்கும், பார்த்தால் முடக்குவாதம் போலவே இருக்கும். அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய்ச் சங்கங்கள் சேர்ந்து 2010ல் வெளியிட்ட வகைப்பாட்டு மதிப்பெண்ணில் ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் இருந்தால் ஒரு புள்ளி உண்டு, கையின் சிறு மூட்டுகளுக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. வேறு நோய் காரணமில்லை என்று உறுதி செய்த பிறகே அந்த மதிப்பெண்ணைப் போடவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஐரோப்பாவில் படிக்கிறவருக்கு அது ஒரு வரி. எங்களுக்கோ அது பாதி வேலை.

இடையில் பக்கத்து ஊரில் ஒருவர் ஊசி போட்டிருக்கிறார். "போட்டா ஒரு மணி நேரத்துல கை பூ மாதிரி ஆயிடும்." கன்னம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டு, கையில் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஸ்டீராய்டுதான். எவ்வளவு, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனைகளில் ஆன்டி சிசிபி அதிக அளவில் பாசிட்டிவ், ஆர்.ஏ. ஃபாக்டர் பாசிட்டிவ், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 78. கால் எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் அடிமூட்டில் எலும்பு அரிப்பு விழுந்திருந்தது. வலிக்கும் மூட்டுகள் 14, வீங்கியவை 10, நோயாளியின் மதிப்பீடு 8, என் மதிப்பீடு 7. கூட்டினால் சி.டி.ஏ.ஐ. என்ற நோய்த் தீவிர மதிப்பெண் 39. 22க்கு மேல் போனாலே தீவிரம் என்று கணக்கு.

எதால் அளப்பது

முடக்குவாத சிகிச்சைக்கான ஐரோப்பியச் சங்கத்தின் பரிந்துரைகள், யூலார் என்போமே, 2010ல் வந்து 2013, 2016, 2019, 2022 என்று புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வருகின்றன. அமெரிக்கச் சங்கத்தின் கடைசிப் பெரிய வழிகாட்டி 2021. ஆசிய பசிபிக் பகுதிக்கு 2015ல் ஒன்று, 2018ல் அதன் புதுப்பிப்பு. இந்திய ருமட்டாலஜி சங்கமும் 2008லேயே ஒரு ஒப்புதல் அறிக்கை கொடுத்தது. சாரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: மெத்தோட்ரெக்சேட் என்ற அடிப்படை மருந்தைச் சீக்கிரம் ஆரம்பி, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோயை எண்ணால் அள, மூன்று மாதத்தில் நல்ல முன்னேற்றம் இல்லையென்றாலோ ஆறு மாதத்தில் இலக்கைத் தொடவில்லையென்றாலோ மருந்தை மாற்று. இதில் எந்த ஊருக்காகவும் ஒரு புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. "நம்ம ஊருக்கு இது போதும்" என்று இலக்கைத் தாழ்த்தினால் கோணிப்போவது நம்ம ஊர்க்காரர் விரல். மாற்றவேண்டியது இலக்கை அடையும் வழியை, அதையும் ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்து மாற்றவேண்டும்.

டாஸ்28 என்ற அளவுகோலுக்கு ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை அன்றைக்கே வேண்டும். எங்கள் ஓ.பி.யில் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் மறுநாள், அதற்காக இன்னொரு பஸ், இன்னொரு நாள் கூலி போச்சு. சி.டி.ஏ.ஐ.க்கு ரத்தமே வேண்டாம், இரண்டு கையும் ஒரு தாளும் போதும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வழிகாட்டிகளும் அதை ஏற்கின்றன, அதனால் நாங்கள் அதற்கே மாறிவிட்டோம்.

சிக்கல் நோயாளியின் மதிப்பீட்டில். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு கோடு போட்டுக் காட்டி எங்கே என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் "பரவாயில்ல" என்பார்கள். இங்கே பல டாக்டர்கள் கேட்பது "ரூபாய்க்கு எத்தனை பைசா தேவலை?" என்றுதான். உடனே பதில் வரும்: "நாப்பது பைசா." கணக்கு முடிந்தது. காலை விறைப்பும் அப்படியே. எத்தனை நிமிடம் என்று கேட்டால் யோசிப்பார்கள், "பல் தேய்க்கும்போது கை இளகிடுதா, இல்ல உலை வைக்கிற வரைக்கும் விறைப்பா இருக்கா?" என்றால் சட்டென்று சொல்வார்கள். அன்றாடச் செயல்பாட்டை அளக்கும் ஹெச்.ஏ.க்யூ. என்ற கேள்வித்தாளின் மூலவடிவில் இறைச்சி வெட்டுவது, புதுப் பால் அட்டைப்பெட்டியைத் திறப்பது, தொட்டியில் குளிப்பது எல்லாம் வரும். 2002ல் இந்திய மருத்துவர்கள் அதைச் சரிபார்த்து, சம்மணம் போட்டு உட்காருவது, கழிப்பறையில் குந்துவது, காய்கறிச் சந்தைக்குப் போய்வருவது என்று மாற்றினார்கள். ஒரு வழிகாட்டியை நாட்டுக்குத் தகவமைப்பது என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இந்த வேலைதான். அளக்கப்பட்ட விஷயம் அதேதான், கேள்வி மட்டும் நம்ம வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் நோயாளிக்கு இதோடு முழக்கணக்கையும் சேர்த்துக்கொண்டேன்.

மஞ்சள் மாத்திரை

வழிகாட்டி ஸ்டீராய்டை மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்தச் சொல்கிறது, அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், முடிந்தால் தொடவே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேரும் மனதில் வைத்திருப்பது ஸ்டீராய்டே எடுத்திராத நோயாளியை. இவரோ பல மாதம் அளவு தெரியாத ஊசியில் இருந்தவர், திடீரென்று நிறுத்தினால் உடம்பின் சொந்தச் சுரப்பு எழும்பாமல் மயங்கி விழக்கூடும். அதனால் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி. என்று கணக்குள்ள மாத்திரையாக மாற்றி, மெதுவாகக் குறைத்தோம். ஊசியே போடக்கூடாது என்று மட்டும் சொன்னால் அவர் வலி தாங்காமல் மறுபடி அங்கேதான் போயிருப்பார். எங்கள் பகுதிக்கு ஒரு வழிகாட்டி எழுதினால் "மறைவாக ஸ்டீராய்டு எடுத்தவர்" என்று ஒரு தனிப் பத்தியே வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கிற மருந்து. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். சில வருடம் முன்பு வேறொரு அம்மா வாய் முழுக்கப் புண்ணோடு, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் வந்தார். சீட்டில் இருந்த எழுத்தை ஒரு மருந்துக்கடையில் தினமும் ஒன்று என்று படித்துச் சொல்லியிருக்கிறார்கள், பதினோரு நாள் சாப்பிட்டிருக்கிறார், வெள்ளை அணு பாதாளத்துக்குப் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார். அவர் பையில் இருந்த இரண்டு கவரையும் மேசையில் கொட்டிப் பார்த்தேன்: மெத்தோட்ரெக்சேட்டும் சின்ன மஞ்சள் மாத்திரை, கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிடும் சின்ன மஞ்சள் மாத்திரை. படித்தவருக்கே குழம்பும்.

அன்றிலிருந்து 1-0-1 என்ற வழக்கமான எழுத்தை இந்த மருந்துக்கு நாங்கள் பயன்படுத்துவதில்லை. கிழமையைத் தமிழில், மாத்திரை எண்ணிக்கையை எழுத்தில் எழுதுகிறோம். ஃபோலிக் ஆசிட் தனிக் கவரில். ஒரு தடவைக்கு நான்கு வாரத்து மாத்திரைக்கு மேல் கையில் கொடுப்பதில்லை. கிழமையை நோயாளியே தேர்ந்தெடுப்பார், ஏனென்றால் மாத்திரை போட்ட மறுநாள் குமட்டலும் சோர்வும் இருக்கும். பூ வியாபாரத்தில் வியாழன், வெள்ளி விடமுடியாது. "திங்கக்கிழமை ராத்திரி போட்டுக்கறேன், செவ்வாக்கிழமை யாவாரம் மந்தம்" என்றார் அக்கா. அப்படியே எழுதினேன். 10 மி.கி.யில் தொடங்கி எட்டு வாரத்தில் 20க்கு ஏற்றினோம். ஆரம்பிக்கும் முன் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே. கருத்தடை அறுவை ஆகிவிட்டதா என்றும் வாய்விட்டுக் கேட்டோம், இந்த மருந்தில் கரு தங்கினால் குழந்தைக்கு ஊனம் வரலாம்.

மூன்றாம் மாதம்

சி.டி.ஏ.ஐ. 24. 39லிருந்து இறங்கியிருக்கிறது, போதாது. முழம் முப்பத்தைந்து.

ஆன்டி சிசிபி அதிகம், அரிப்பு விழுந்துவிட்டது, நோய் தீவிரம், ஆக மோசமாகப் போகும் அறிகுறிகள் எல்லாமே இவரிடம் இருக்கின்றன. யூலார் கணக்குப்படி இந்த இடத்தில் பயாலஜிக் ஊசியை, அதாவது உயிரணுக்களில் தயாராகும் விலை கூடிய மருந்தை, சேர்க்கவேண்டும். நாங்கள் சேர்க்கவில்லை. மெத்தோட்ரெக்சேட்டோடு சல்ஃபாசலசினும் ஹைட்ராக்சிகுளோரோகுவினும் கொடுத்தோம், மூன்று மருந்துக் கூட்டு. பணமில்லை என்பதற்காக மட்டும் எடுத்த முடிவு இல்லை இது. 353 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013ல் வெளியான ராகாட் ஆய்வில் மூன்று மருந்துக் கூட்டு, எட்டனர்செப்ட் என்ற பயாலஜிக் ஊசியும் மெத்தோட்ரெக்சேட்டும் சேர்ந்ததற்குக் குறைந்தது இல்லை என்று வந்தது. 2021 அமெரிக்க வழிகாட்டியே பயாலஜிக்கை முன்னால் வைத்தாலும், வசதி குறைந்த இடங்களில் மூன்று மருந்துக் கூட்டுக்கு முன்னுரிமை தரலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் நின்றோம்.

பணக்கார நாடுகளும் இதைச் செய்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த மருந்துக்கு அரசு செலவழிக்கலாம் என்று சொல்லும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு வெகுகாலம் டாஸ்28 அளவு 5.1க்கு மேல் இருந்தால்தான் பயாலஜிக் என்று வைத்திருந்தது, பக்கத்திலேயே இருக்கும் ஐரோப்பிய வழிகாட்டி என்ன சொன்னாலும் சரி. பயோசிமிலர்கள், அதாவது பயாலஜிக்கின் விலை குறைந்த நகல்கள், வந்து விலை இறங்கிய பிறகு, 2021ல்தான் நடுத்தர நோய்க்கும் சிலவற்றை அனுமதித்தார்கள். செலவையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது யூலாரின் அடிப்படைக் கொள்கைகளிலேயே இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இங்கிலாந்து அதை உட்கார்ந்து கணக்குப் போட்டு, எழுதி, எல்லாரும் படிக்க வெளியிட்டது. இங்கே ஓ.பி. மேசையில் ஒவ்வொரு டாக்டரும் மனசுக்குள் போட்டுக்கொள்கிறோம்.

ஹைட்ராக்சிகுளோரோகுவின் அளவு இன்னொரு சின்ன விஷயம். வெளிநாட்டு ஆய்வுகளில் வழக்கம் 400 மி.கி. கிலோவுக்கு 5 மி.கி.க்கு மேல் போனால் விழித்திரைக்கு ஆபத்து, 46 கிலோவுக்கு 230தான் உச்சம், ஆகவே 200. மருந்தைக் காகிதத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதினால் நம்ம பெண்களில் பெரும்பாலோருக்கு அளவு மீறிவிடும்.

காசநோய்

மேலை நாட்டு வழிகாட்டிகளில் இது ஒரு பத்தி. இங்கே இதைச் சுற்றித்தான் எல்லா முடிவும், ஏனென்றால் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உடம்பில் தூங்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடலாம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 31 விழுக்காட்டினர் உடம்பில் கிருமி தூங்குவதாகத் தெரிந்தது. எங்கள் நோயாளியின் கணவர் நான்கு வருடம் முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்தவர். என்றைக்காவது பலமான மருந்து தேவைப்படும் என்று தெரிந்தே, மூன்றாம் மாதமே கிருமி தூங்குகிறதா என்று பார்க்கும் மாண்டூ தோல் பரிசோதனை போட்டோம்: 12 மி.மீ. தடிப்பு. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவருக்கு 5 போதும் பாசிட்டிவ் என்று சொல்ல. எக்ஸ்ரே, சளி எல்லாம் சுத்தம். தூங்கும் கிருமிக்கு ஐசோநியாசிட் ஆறு மாதம், கூட பைரிடாக்சின் வைட்டமின். வாராவாரம் பன்னிரண்டு தடவை எடுக்கும் ரிஃபாபென்டின் கூட்டு சுலபம்தான், ஆனால் அது ப்ரெட்னிசலோனின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், அதனால் தவிர்த்தோம். மெத்தோட்ரெக்சேட்டும் ஐசோநியாசிடும் இரண்டுமே கல்லீரலில் கைவைப்பவை, மாதாமாதம் பரிசோதனை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். காசநோய்க்கு சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலத்தில், 1956ல் தொடங்கிய சென்னை மையத்தில், ஏழை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1959ல் முடிவு வந்தது: வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சளைத்ததில்லை. அதன்பிறகு உலகமே அந்த வழிக்கு வந்தது. அந்த மையம்தான் இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வெளியிலிருந்து வந்த விதியை நம்ம ஊர் நிலைமையில் வைத்துச் சோதித்து, திருப்பி உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மாநிலம் இது. மூட்டுநோயில் ஏன் முடியாது?

ஆறும் ஒன்பதும்

ஆறாம் மாதம் சி.டி.ஏ.ஐ. 16. ஏன் இன்னும் இறங்கவில்லை என்று மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். சல்ஃபாசலசின் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை, ஐந்து வாரமாக ஒன்றுதான் எடுத்திருக்கிறார். இங்கே இருப்பு தீர்ந்து வெளியே வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், காசு குறைவு, "இருக்கறத இழுத்துப்புடிச்சு சாப்பிட்டேன்". இதைக் கேட்காமல் "மருந்து பலிக்கவில்லை" என்று எழுதி அடுத்த படிக்குத் தாவியிருந்தால் தவறு என்னுடையது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கென்று எல்லாரும் ஹைட்ராக்சிகுளோரோகுவினை அள்ளிக்கொண்டு போனபோதும் எங்கள் நோயாளிகள் இப்படித்தான் பாதி மாத்திரையில் ஓட்டினார்கள். வழிகாட்டியில் "மூன்று மாதம்" என்றால் மருந்து உள்ளே போன மூன்று மாதம் என்று பொருள். எங்கள் தாளில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது: கடந்த மாதம் எத்தனை நாள் மருந்து கையில் இருந்தது.

முழு அளவில் இன்னும் மூன்று மாதம் கொடுத்தோம். ஒன்பதாம் மாதம் 13. நோய் குறைந்த நிலை என்று கணக்கிடும் பத்துக்கு வரவில்லை. முழம் ஐம்பது. இனி காத்திருப்பது நியாயமில்லை.

மூன்று வழி இருந்தது. முதலாவது, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள். இவற்றில் எட்டனர்செப்ட்டுக்கு அடாலிமுமாப், இன்ஃபிளிக்சிமாப் இரண்டையும்விடக் காசநோய் ஆபத்து குறைவு என்று பிரிட்டிஷ் பதிவேடு காட்டியிருக்கிறது, இந்திய நிறுவனம் விற்கும் பயோசிமிலரும் 2013லிருந்து கிடைக்கிறது, ஆனால் வாராவாரம் ஊசி, குளிர்சாதனப் பெட்டி, மாதச் செலவு. ரிட்டுக்சிமாப் இரண்டாவது. இந்தியாவில் 2007லேயே பயோசிமிலர் வந்துவிட்டது, காசநோயைப் பொறுத்தவரை பயம் குறைவு, உள்நோயாளியாகச் சேர்த்து ஏற்றுவதால் காப்பீட்டுத் திட்டங்களின் அமைப்போடும் பொருந்தும், அவை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்காக வகுக்கப்பட்டவை. மூன்றாவது டோஃபாசிடினிப் மாத்திரை. உள்நாட்டு ஜெனரிக் வந்த பிறகு இதன் விலை ஊசிகளுக்குப் பக்கத்திலேயே இல்லை, மிகக் குறைவு.

2022 யூலார் இந்த வகை மாத்திரைகளைப் பின்னால் தள்ளி வைக்கிறது. இதயநோய் அபாயம் உள்ள 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, புற்றுநோய் ஆகியவை டி.என்.எஃப். ஊசிகளைவிடக் கூடுதலாக வந்தது அதற்குக் காரணம். அந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். இவருக்கு 43, புகையில்லை, சர்க்கரை, பிரஷர் இல்லை, கொழுப்பு சரி, ரத்தம் உறைந்த வரலாறு இல்லை, தூங்கும் காசநோய்க்கு மருந்தும் முடிந்துவிட்டது. அவரையும் மகனையும் உட்காரவைத்து மூன்றையும் விளக்கினேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "எதுக்கு ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரவேணாம்?" டோஃபாசிடினிப் 5 மி.கி. இரண்டு வேளை தொடங்கினோம், சல்ஃபாசலசினை நிறுத்தினோம். அக்கி வரலாம் என்று சொல்லி, எரிச்சலோடு ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே வரச் சொன்னோம். அதற்கான தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது, இவர் வாங்கக்கூடிய விலையில் இல்லை.

எழுதி வைக்கவேண்டியது

இந்த ஒரு வருடத்தில் நாங்கள் வழிகாட்டியிலிருந்து விலகிய ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் இருந்தது, ஆனால் அது இவருடைய கேஸ் ஷீட்டோடு நின்றுவிட்டது. இதை முறையாகச் செய்ய வழி இருக்கிறது. மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் கிரேடு குழுவினர் உருவாக்கிய அடோலப்மென்ட் என்ற முறையில், ஏற்கெனவே உள்ள பரிந்துரையை எடுத்து, ஆதாரம் ஒரு பக்கம், நம்ம நாட்டுச் செலவு, நோயாளிகளின் விருப்பம், நடைமுறைச் சாத்தியம், சமத்துவம் இன்னொரு பக்கம் என்று அட்டவணை போட்டு, அப்படியே ஏற்பதா, மாற்றுவதா, புதிதாக எழுதுவதா என்று முடிவு செய்கிறார்கள். கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகள் 2015 அமெரிக்க முடக்குவாத வழிகாட்டியை இப்படித்தான் தங்களுக்கு எழுதிக்கொண்டன, 2017ல் வெளியிட்டார்கள்.

நாம் எழுதும்போது மேசையைச் சுற்றி மருந்துக் கொள்முதல் செய்கிறவர் கட்டாயம் இருக்கவேண்டும். 1994ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாதிரி ஒரு அமைப்பு நம்மிடம் இருக்கும்போது, எந்த மருந்து எந்தப் படியில் என்று எழுதும் கையும் அதை வாங்கும் கையும் பேசாமல் இருந்தால் மூன்று மருந்துக் கூட்டு இரண்டு மருந்தாகத்தான் நோயாளிக்குப் போய்ச் சேரும். மருந்தாளுநரும் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸும் வேண்டும், அந்த மஞ்சள் மாத்திரையை முதலில் கையில் எடுப்பவர்கள் அவர்கள். முடக்குவாதம் உள்ள இரண்டு மூன்று பேரும் வேண்டும். இந்த அக்கா வந்தால் ஆஸ்பத்திரிக்கு வரும் நாளின் விலை என்ன என்று எங்களைவிடத் தெளிவாகச் சொல்வார்.

பன்னிரண்டாம் மாதம் சி.டி.ஏ.ஐ. 6. ஸ்டீராய்டு முழுசாக நின்றுவிட்டது, கன்னம் வற்றிப் பழைய முகம் வந்திருக்கிறது. முழம் எழுபது. முழு நிவாரணத்துக்கு 2.8க்குக் கீழே வரவேண்டும், இன்னும் வரவில்லை. வலது நடுவிரல் அடிமூட்டு முழுசாக மடங்குவதில்லை, தாமதமான அந்த ஒன்பது மாதத்தில் போனது அது, திரும்ப வராது. தை மாதம் முகூர்த்தம் அதிகம், அதனால் அடுத்த வருகையைத் தள்ளிப்போடக் கேட்டார். மாசி முதல் வாரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடையில் ரத்த அணுவும் லிவர் டெஸ்ட்டும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, ரிப்போர்ட்டை மகன் போனில் அனுப்பி வைப்பார்.